ஆயாவின் ராகிக்கல்: செலியாக் உள்ள என் மகளுக்காக வீட்டிலேயே மாவு அரைத்த பதிவு

போன வருஷம் தை மாசம், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ராகிக்கல்லை, அதாவது கையால் சுற்றி மாவு அரைக்கிற திரிகையை, நானும் தம்பியும் கடப்பாரை போட்டு நெம்பி வெளியே உருட்டி வந்தோம். அடிக்கல் பாதி மண்ணுக்குள் புதைந்திருந்தது. மேல்கல் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. தானியம் போடுகிற அதன் கண்ணில் குளவி கூடு கட்டியிருந்தது. பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் ஆயா கல்யாணமாகி வந்தபோதே வீட்டில் இருந்த கல் இது. ஊருக்குள் கரண்டு மில் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை.

அந்தக் கல்லை மறுபடி ஓடவைக்கக் காரணம் என் மகள். அவளுக்குச் செலியாக் நோய், அதாவது கோதுமை சாப்பிட்டால் குடல் கெட்டுப்போகிற நோய். நம் பக்கம் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கோதுமை அதிகம் சாப்பிடும் வட மாநிலங்களில்தான் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அதனாலேயே இங்கே ஒரு பிள்ளைக்கு வந்தால் கண்டுபிடிக்க நாளாகிறது. எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது.

எட்டு வயதில் அவளுக்கு ஹீமோகுளோபின் 7.6. இரும்புச்சத்து டானிக், மாத்திரை, பேரீச்சை, முருங்கைக்கீரை எல்லாம் கொடுத்தும் ஏறவில்லை. வயிறு மட்டும் உப்பி நிற்கும். வகுப்பில் அவளைவிடக் குள்ளமான பிள்ளை யாரும் இல்லை. பூச்சி மருந்து மூன்று தடவை கொடுத்தோம். கடைசியில் சேலத்தில் பார்த்த குழந்தைகள் டாக்டர்தான், “இரும்பு ஏறாததற்குக் குடலைத்தான் பார்க்கணும்” என்று சொல்லி டி.டி.ஜி. என்ற எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை எழுதினார். மேல்வரம்பைப்போல் பத்து மடங்குக்கு மேல் வந்தது. பிறகு எண்டோஸ்கோபி செய்து முன்சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சத்தை இழுக்கிற குடல் உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிட்டன என்றார்கள். உணவிலுள்ள இரும்பை உடம்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இழுத்துக்கொள்கிறது. இழுக்கிற இடமே அழிந்திருந்தால் முருங்கைக்கீரை என்ன செய்யும்?

கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், இந்த நோய் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் குடலையே தாக்குகிறது. அதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டனை முழுக்க விடுவதுதான் வைத்தியம். விட்டால் உறிஞ்சிகள் திரும்ப வளரும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சந்தேகம் வந்த உடனே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய பிறகு பரிசோதித்தால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இல்லை என்று தவறாக வந்துவிடலாம். எண்டோஸ்கோபி முடிகிற வரை சப்பாத்தி கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது என் மனைவி அழுதாள். பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்தே மூன்று வாரம் தட்டில் வைத்தாள். அந்த மூன்று வாரம்தான் நோயைச் சந்தேகமில்லாமல் உறுதி செய்தது.

அம்மா நம்பவே இல்லை. “கோதுமை நோவாளிக்குக் குடுக்கிற சாப்பாடு. அது எப்படிடா நோவு குடுக்கும்?” என்றார். டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர். கோதுமைமேல் அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போரினால் அந்த நாட்டில் பஞ்சம். ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாட, இந்த நோய் இருந்த பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950ல் அதை ஆய்வேடாகவே எழுதினார். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பஞ்சத்துல பொழைச்ச புள்ளைங்க” என்றார். அதற்குப் பிறகு வீட்டில் கோதுமையை எதிர்த்து நிற்பவர் அம்மாதான்.

எங்களுக்கு இது சுலபம் என்றுதான் நினைத்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் ராகி விளைகிற சீமை. களியும் கூழும் பிறந்ததிலிருந்து சாப்பிடுகிறோம். 2023லிருந்து எங்கள் மாவட்ட ரேஷனிலேயே அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் ராகி கொடுக்கிறார்கள். ராகியில் குளூட்டன் இல்லை. சாமை, தினை, கம்பு, சோளம், அரிசி எதிலும் இல்லை. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், பன் எல்லாம் நின்றன. பள்ளிக்கூடத்துக் காலை உணவில் ரவா உப்புமா, சேமியா வருகிற நாட்களுக்கு டப்பா கட்டிக் கொடுத்தோம். “சம்பா கோதுமை நாட்டு ரகம், அது ஒண்ணும் செய்யாது” என்று சொன்ன சொந்தக்காரர்களிடம், நாட்டு ரகமானாலும் கோதுமை கோதுமைதான் என்று பொறுமையாகச் சொல்லிப் பார்த்தோம்.

ஆறு மாசம் கழித்துப் பரிசோதித்தால் டி.டி.ஜி. இறங்கியிருந்தது, ஆனால் இன்னும் வரம்பைப்போல் நான்கு மடங்கு. இது மெதுவாகத்தான் இறங்கும், ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். கூடவே, “எங்கேயோ உள்ளே போகுது, தேடுங்க” என்றும் சொன்னார். பாப்பாவுக்கு வயிற்று வலி வாரத்தில் இரண்டு நாள் வந்துகொண்டுதான் இருந்தது.

தேடினோம். முதலில் மாட்டியது பெருங்காயம். டப்பாவின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் படித்தால், கோதுமை மாவு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு கோந்தும் மாவும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். கட்டியாக இருந்தாலும் அப்படித்தான். ரசம், சாம்பார், இட்லிப்பொடி, ஊறுகாய், மோர் என்று தினமும் அதைப் போட்டிருக்கிறோம். அரிசி மாவு சேர்த்ததும் சில கிடைக்கின்றன. எங்கள் வீட்டில் அதையே விட்டுவிட்டுப் பூண்டைக் கூட்டிக்கொண்டோம். அடுத்தது சத்துமாவு. அதில் ஒரு படி கோதுமை வறுத்துப் போட்டிருந்தது மனைவிக்கு நினைவே இல்லை. பாலில் கலக்கிற பொடியில் பார்லி மால்ட்.

இவற்றையெல்லாம் எடுத்த பிறகும் வலி முழுக்க நிற்கவில்லை. ஒரு நாள் மில்லில் வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு முன்னால் ஒருவர் பத்து கிலோ கோதுமை அரைத்தார். அவருடையது முடிந்து, மில்லுக்கார அண்ணன் துணிக்குழாயை இரண்டு தட்டு தட்டி, என் ராகியைக் கொட்டினார். முதலில் வந்த மாவு வெளுப்பாக இருந்தது. பிறகுதான் ராகி நிறம் வந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். குளூட்டன் இல்லாத உணவு என்று அச்சிட்டு விற்க வேண்டுமானால், நம் நாட்டு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. கோதுமை மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன். மில்லின் வயிற்றிலும் குழாயிலும் 50 கிராம் கோதுமை மாவு தங்கியிருந்தால் அதில் ஏறக்குறைய 5 கிராம் குளூட்டன். அது என் 5 கிலோ ராகியில் கலந்தால் கிலோவுக்கு 1000 மில்லிகிராம். வரம்பைப்போல் ஐம்பது மடங்கு. ஒரு சிட்டிகை, அதாவது ஒரு கிராம் கோதுமை மாவு கலந்தாலே 5 கிலோ மாவு வரம்பைத் தொட்டுவிடும்.

ராகி நல்லது. ராகி மாவுதான் கெட்டது. அன்றைக்கு இது புரிய எனக்கு அவ்வளவு நேரம் ஆனது.

மில்லுக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன். மனுஷர் கேட்டுக்கொண்டார். “பாப்பாவுக்குன்னா காலையில மொத ஓட்டு உனக்குத்தான்ப்பா. அதுக்கு முன்னால ஒரு கிலோ அரிசி ஓட்டிடறேன்” என்றார். ஒரு மாசம் அப்படித்தான் அரைத்தோம். ஆனால் மில் சுவரில், காற்றில், தராசில், அவர் கையில் எல்லாம் கோதுமைத் தூசி. அவர்மேல் ஒரு குறையும் இல்லை. அது பொது மில். மிக்சியில் போட்டால் ராகி நொறுங்குமே தவிர மாவாகாது, ஜாடி சூடேறும். வீட்டுக்கென்று விற்கிற அரவை மெஷின் விலை அப்போது என்னால் முடியாது. அப்போதுதான் கொட்டகைப் பின்பக்கம் ஞாபகம் வந்தது.

கல்லைக் கழுவி உலர்த்திப் பார்த்தோம். இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. கையால் தடவினால் ஒரு சொரசொரப்பும் இல்லை. அதில் தானியம் உருளுமே தவிர அரையாது. நடுவில் இருந்த இரும்பு முளை துருப்பிடித்துப் பாதியாகியிருந்தது. கைப்பிடிக் குச்சி இல்லவே இல்லை. “இதுல எப்பவாவது கோதுமை உடைச்சீங்களாம்மா?” என்று கேட்டேன். ஒரு தீபாவளிக்கு ரவை உடைத்த ஞாபகம் இருக்கு என்றார். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ரவைதான். ஆனாலும் கொத்தி மேல்தோலை எடுத்துவிடுவது என்று முடிவானது.

கல் கொத்துகிற பெரியவர் பென்னாகரம் பக்கமிருந்து வந்தார். அம்மி, ஆட்டுக்கல் கொத்தவே இப்போது ஆள் கூப்பிடுவது அரிது, ராகிக்கல் கொத்திப் பல வருஷம் ஆச்சு என்றார். கல்லைச் சுற்றி வந்து விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். விரிசல் இருந்தால் சத்தம் மொத்தென்று விழுமாம். எங்கள் கல் கணீரென்றது. பிறகு ஈரத் துணியில் காவிப்பொடியைத் தொட்டு அடிக்கல் முழுக்கப் பூசி, மேல்கல்லை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். எங்கே உரசுகிறதோ அங்கே காவி அழிந்திருந்தது. மேடு அங்கேதான். அந்த மேட்டை மட்டும் முதலில் உளியால் தட்டி இறக்கினார். மறுபடி காவி, மறுபடி ஒரு சுற்று. ஐந்தாறு தடவை இப்படி. மேடு போன பிறகுதான் கொத்து ஆரம்பித்தது. நடுவிலிருந்து விளிம்பு வரை சாய்வாக வரிகள். நடுப்பக்கம் ஆழமாக, விளிம்புக்கு வர வர மேலோட்டமாக. “நடுவுல ஆழமா இருந்தா தானியம் உள்ள எறங்கும். ஓரத்துல நெருக்கமா இருந்தாத்தான் மாவா வெளிய வரும்” என்றார். எனக்கும் உளியைக் கொடுத்தார். கண்ணில் கண்ணாடி, மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு ஒரு முழ நீளத்துக்குக் கொத்தினேன். உளியைச் செங்குத்தாகப் பிடித்தால் கல் பொடியாகிறது, சாய்த்துப் பிடித்தால் செதிலாகத் தெறிக்கிறது. அந்தச் சாய்வு கைக்குப் பிடிபட ஒரு மணி நேரம் ஆனது. அவருக்கு 600 ரூபாயும் மதியச் சாப்பாடும்.

முளையை நானே செய்தேன். மோட்டார் வைண்டிங்தான் என் தொழில். பட்டறையில் கிடந்த துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை லேத்தில் கடைந்து, அடிக்கல்லின் குழியில் மரச்சக்கை வைத்து இறுக்கினேன். சிமெண்டோ ஒட்டும் பசையோ மாவு படுகிற இடத்தில் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தேன். மேல்கல்லின் கண்ணில் குறுக்கே புதுக் கருவேலங்கட்டை பதித்து, அதன் நடுத்துளை முளைமேல் உட்காரும்படி செய்தேன். அந்தத் துளைக்கு அடியில் துணி வளையம் ஒன்று போட்டால் மேல்கல் மயிரிழை தூக்கும், மாவு கொரகொரப்பாக வரும். எடுத்துவிட்டால் நைசாக வரும். கைப்பிடி வேப்பங்குச்சி.

இந்தத் தொழில் தெரிந்த கை சும்மா இருக்கவில்லை. அரை குதிரைத்திறன் மோட்டாரைப் பெல்ட் போட்டு மேல்கல்லில் மாட்டிப் பார்த்தேன். வேகத்தைக் குறைத்தும்கூட நிமிஷத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் ஓடியது. மாவு சூடாக வந்தது, தானியம் அரையாமல் வெளியே தெறித்தது, இரண்டாம் நாள் மேல்கல் ஆட்டம் கண்டு விளிம்பில் ஒரு விரற்கடை உடைந்துவிட்டது. பெரியவர் கொத்திக் கொடுத்த கல்லில் அந்த உடைவைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டேன்.

புதிதாகக் கொத்திய கல்லில் உடனே சாப்பாட்டு மாவு அரைக்கக்கூடாது. நொய்யரிசி இரண்டு கிலோ அரைத்து மாவை மண்ணில் கொட்டினோம். அடுத்து ஒரு கிலோ. ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி மாவை டம்ளர் தண்ணீரில் கலக்கி, அசையாமல் வைத்து, மெதுவாக மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு அடியில் விரலால் தேய்த்துப் பார்ப்போம். கல்தூள் இருந்தால் நறநறக்கும். நான்காவது தடவையில்தான் அடி சுத்தமாக இருந்தது.

தானியத்தையும் கவனிக்க வேண்டியிருந்தது. ரேஷன் கடையில் கோதுமை அளக்கிற அதே தராசில்தான் ராகியும் அளக்கிறார்கள். ராகி கடுகளவு, கோதுமை அதைப்போல் பலமடங்கு பெரிது. அதனால் கண் சிறுத்த சல்லடையில் போட்டால் ராகி கீழே இறங்கும், கோதுமை மேலே நின்றுவிடும். முதல் இரண்டு கிலோவில் பதினோரு கோதுமை மணி நின்றது. அவற்றைப் பாப்பா உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சலித்த பிறகு தூசி போக மூன்று தண்ணீரில் கழுவி, வடித்து, தனி வேட்டியில் உலர்த்துகிறோம். மொட்டைமாடியில் வெயிலில் இரண்டு நாள். ஈரம் துளி இருந்தாலும் கல்லில் அப்பிக்கொள்ளும். சாமை சித்தேரி மலைப்பக்கத்திலிருந்து வருகிறது, அதையும் இப்படியே செய்கிறோம்.

ஒரு மணி நேரம் சுற்றினால் ஒன்றேகால் கிலோ மாவு. வாரம் ஒருமுறை போதும். அம்மா ஒரு பக்கம், மனைவி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒரே குச்சியைப் பிடித்துச் சுற்றுவார்கள். பாப்பா பிடி பிடியாக ராகியைக் கண்ணில் போடுவாள். அதிகம் போட்டால் கல் கனத்துப்போய்ச் சத்தம் மாறும், அம்மா “போதும்டி” என்பார்.

முறம், சல்லடை, களித்துடுப்பு, பூரிக்கட்டை எல்லாம் புதிது. மரத்திலும் சல்லடைக் கண்ணிலும் பழைய மாவு ஒளிந்துகொள்ளும், கழுவினால் போகாது. இரும்புத் தோசைக்கல்லை மட்டும் நன்றாகத் தேய்த்து வைத்துக்கொண்டோம். வீட்டுக்குள் கோதுமையே வேண்டாம் என்றாகிவிட்டது. எனக்கும் பையனுக்கும் பரோட்டா வேண்டுமானால் வெளியே சாப்பிட்டுக் கை வாய் கழுவிக்கொண்டு வருகிறோம். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனபோது பாப்பாவுக்கு மீனை வீட்டு மசாலா தடவிக் கொண்டுபோய், நாங்களே அடுப்பு வைத்துப் பொரித்துக் கொடுத்தோம். கடை மசாலாவில் மைதா சேர்ப்பதுண்டு. அதே எண்ணெயில் என்னென்ன பொரித்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

என் அக்கா பர்கூரில் இருக்கிறாள். அவளுக்கு முடக்குவாதம், அதுவும் உடம்பு தன்னையே தாக்குகிற நோய்தான். பாப்பா தேறுவதைப் பார்த்துவிட்டு, “நானும் கோதுமையை விட்டுட்டு மாத்திரையை நிறுத்திடட்டுமாடா?” என்று கேட்டாள். வேண்டாம் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். செலியாக்குக்கு எது தீ மூட்டுகிறது என்று தெரியும், அதை எடுத்தால் தீ அணைகிறது. முடக்குவாதத்துக்கு அப்படி ஒரே ஒரு பொருள் கிடையாது. மாத்திரையை நிறுத்தினால் மூட்டு தேயும், தேய்ந்த மூட்டு திரும்ப வராது. களி சாப்பிடட்டும், நடக்கட்டும், எடை குறையட்டும், எல்லாம் நல்லது. வாரம் ஒருமுறை போடுகிற மெதோட்ரெக்சேட் மாத்திரையை அவள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

பாப்பா தேறியதற்குக் கல் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். பெருங்காயம், சத்துமாவு, மில் எல்லாம் அடுத்தடுத்து நின்றன. கல் ஓட ஆரம்பித்து எட்டு மாசத்தில் டி.டி.ஜி. வரம்புக்குள் வந்தது. ஹீமோகுளோபின் 11.8. ராகியிலுள்ள சில பொருட்கள் இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் என்பதால் இரும்பு மாத்திரையைக் களியோடு கொடுக்காமல் தள்ளிக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். ஒரு வருஷத்தில் ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறாள். கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர்களுக்குப் பத்தில் ஒருவருக்கு வரை இருக்கலாமாம். பையனுக்கு இப்போது இல்லை. பின்னால் வரவும் வாய்ப்பு இருப்பதால் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

போன வாரம் கல்லின் சத்தம் மாறியது. கரகரப்புப் போய்ச் சர்ரென்று வழுக்குகிறது, ஒரு கிலோவுக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிறது. கொத்து தேய்ந்துவிட்டது. பெரியவருக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை வருகிறேன், பாப்பாவை லீவு போடச் சொல்லு, அவளுக்கும் உளி பிடிக்கக் கத்துத்தரேன் என்றார். அதற்குள் நொய்யரிசி மூன்று கிலோ வாங்கி வைக்க வேண்டும்.